நோட்டு எழுதியதால் பூட்டிய மாடி

தீர்த்தமலைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு மாடியை ஒருநாள், இருநாள் வாடகைக்கு விடுகிறேன். அதற்கு அனுமதி வேண்டும் என்று கேள்விப்பட்டு, இன்று நானே அரூர் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன்.

தங்கியவர்களின் பெயர், ஊர் எழுதி, ஆதார் நகல் ஒட்டி வைத்த நோட்டைப் பெருமையாக நீட்டினேன்.

எழுத்தர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, அனுமதி இல்லாம வுட்டதுக்கு நீங்களே சாட்சி எழுதி வெச்சிருக்கீங்க."

"விதி எதுல இருக்குதுங்க? காட்டுங்க, படிச்சுக்கிறேன்."

"அதை மேல கேக்கணுங்க. அதுவரைக்கும் மாடியைப் பூட்டிடுங்க."

சனிக்கிழமை ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. உங்க தெருவுல எல்லாரும் அப்படித்தானுங்களே சொல்றாங்க?"

எழுபத்திரண்டு வயதில் அந்தப் பொய் எனக்கு வாயில் வரவில்லை. வெளியே வந்து ஓசூருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றேன்.

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இனிமே எங்கங்க ரூம் தேடறது?" என்றார் அந்தக் குடும்பத்து அம்மா.

 நோட்டே வைக்காத எதிர்வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன்.

அவருக்கு இனி ஓசூரிலும் சொந்தக்காரர்கள். அந்த விதியை எழுத்தில் பார்த்தவர் உங்களில் யாராவது உண்டா?