நீல ரிப்பனுக்காக நான்கு சனிக்கிழமைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பாரிஸில், லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தவமணி அக்காவின் மகள் அழைத்தாள். எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், அன்று தமிழில், "அன்ரி, அம்மா எங்களை விட்டுப் போட்டா" என்றாள். கத்தரிக்காயைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு அக்காவின் வீடு இருக்கும் சார்செல்லுக்கு ரயில் ஏறினேன். மகப்பேற்று மருத்துவமனையில் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருபத்தாறு ஆண்டுகள் நின்றவர் அக்கா. அதில் பாதிக் காலம் நானும் அவருடன் மொழிபெயர்த்தேன்; இன்றும் அங்கேதான் வேலை. பிள்ளை பிறந்த செய்தியை அவர் வாயால் கேட்டவர்கள் உங்களில் பலர்.

கண்டிப்பான மனுஷி. டாக்டர் சொன்ன கசப்பான செய்தி ஒன்றை நான் ஒருமுறை ஓர் இளம்பெண்ணிடம் இனிப்புத் தடவிச் சொன்னேன். வெளியே வந்ததும், "அந்தப் பிள்ளை தன்ரை வருத்தத்தை முழுசாத் தெரிஞ்சுகொள்ள வேண்டாமோ? அதிலை பாதியை ஒளிக்க நீ ஆர்?" என்று கேட்டார். இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

பிரெஞ்சு அரசின் தேசியத் தகுதி விருது அவருக்குக் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பதக்கத்தை அரசு தருவதில்லை, பெறுபவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நண்பர்கள் சேர்ந்து வாங்கினோம்: நீல ரிப்பனில் தொங்கும் நீல எனாமல் நட்சத்திரம். லா சப்பலில் ரூ காய் தெருப் பக்கம் மண்டபம் எடுத்து, மாலை, பொன்னாடை, பேச்சாளர் எல்லாம் நானே ஏற்பாடு செய்தேன். துணிக்கடை முதலாளி ஒருவர் பதக்கத்தோடு நெருங்கியபோது அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணை, பொன்னாடையைப் போடுங்கோ. இதைக் குத்திறதுக்கு ஏற்கெனவே இந்த விருது வாங்கின ஒராள் வேணும். சட்டம் அப்பிடி."

முதலாளியின் முகம் கறுத்தது. "சீலையிலை குத்த ஒரு ஊசி போதாதோ?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, மண்டபம் சிரித்தது. விதியைப் படிக்காத நான் மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா விரும்பியது மதாம் ரெனோவை. எங்கள் தலைமை மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த விருதை முன்பே வாங்கியவர். ஆனால் வில்லியே லே பெல்லில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு நினைவு மங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கோ புற்றுநோய். வேறு யாரையாவது கேட்டால் திங்கட்கிழமையே முடிந்துவிடும் என்று மன்றாடினேன்.

"அரைகுறைப் பிரெஞ்சோடை கூட்டித் துடைக்க வந்தனான். 'உள்ளை வந்து அந்தப் பொம்பிளையோடை கதை' எண்டு என்னைக் கூப்பிட்டவ அவதான். அவ குத்தட்டும். இல்லாட்டிப் பெட்டிக்குள்ளை கிடக்கட்டும்."

முதல் சனிக்கிழமை மதாம் பதக்கத்தைக் கையில் எடுத்து, "ஜனாதிபதியின் பெயரால்" என்று தொடங்கினார். முறைப்படி சொல்ல வேண்டிய வாக்கியத்தில் மிச்சம் வரவில்லை. எடுத்துக்கொடுக்க வாய் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த சனியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பஸ்ஸில் நான் கோபத்தோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா களைத்துத் தூங்கிப்போனார்.

நான்காம் சனிக்கிழமை அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலியைக் கண்டதும், பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்துவிட்டது போல, மதாம் எழுந்து நின்றார். வாக்கியம் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னார். பதக்கத்தை அக்காவின் சேலையில் குத்தி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அக்கா அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பதக்கம் மகளிடம் இருக்கிறது. எனக்கு அக்கா விட்டுப்போனது வேறு. பேச்சை நடுவில் நிறுத்தும் பெண்களின் வாக்கியத்தை முன்பெல்லாம் நானே முடித்துவிடுவேன். வேலை சுருக்காக நடக்கும். நேற்று வன்னியிலிருந்து வந்த ஒரு பெண், "எனக்கு இதுக்கு முதலும் ஒரு பிள்ளை..." என்று நிறுத்தினாள். டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் பேனாவை வைத்துவிட்டு அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "அவளுக்குப் பேரும் வைச்சனாங்கள்" என்றாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள்.