முந்த வருகிறார் என்று நினைத்தேன்

கோப்பாய் வீதியில் விடியற்காலையில் ஓடுவது என் வழக்கம். சில வாரங்களாக, பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவரும் என் பின்னால் ஓடிவந்தார். என்னை முந்தப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். ஒரு பெண்ணிடம் தோற்பதா? நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டினேன். அவரும் மூச்சிரைக்க, விடாமல் வந்தார். ஒருநாள் அவரைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் பெருமையடித்தேன். அதன்பிறகு அவர் ஓட வரவேயில்லை.

மருதனார்மடம் சந்தையில் கண்டபோது, "என்ன ரீச்சர், ஓட்டத்தை விட்டிட்டியளோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஓம் அண்ணை. தனிய ஓடினால் மோட்டச்சைக்கிள் பெடியள் சேட்டை விடுறாங்கள். நீங்கள் முன்னாலை போனால் பயமில்லை எண்டுதான் பின்னாலை வந்தனான். உங்கடை வேகத்துக்கு என்னாலை ஏலாமல் போச்சு."

இப்போது மெதுவாகத்தான் ஓடுகிறேன். காது மட்டும் பின்னாலேயே கிடக்கிறது.