எட்டுச் சிவப்புக் கட்டைகள்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. நான் உயர்தர முதலாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை.

2. கணிதப் பிரிவில் இருந்தது இரண்டே பேர். நானும் என் தோழியும்.

3. அதிபர் இருவரையும் கலைப்பிரிவுக்கு மாறச் சொன்னார். நாங்கள் கிளிநொச்சி நகரப் பாடசாலை ஒன்றுக்குப் போக விடுகைப் பத்திரம் கேட்டோம்.

4. ஆகஸ்ட் விடுமுறையில் முல்லைத்தீவுப் பக்கம், பல்கலைக்கழகம் போக விரும்பும் மாணவர்களுக்காக இரண்டு கிழமைப் பொறியியல் முகாம் ஒன்று நடக்க இருந்தது. அங்கிருந்து எங்களைப் பற்றி நல்ல குறிப்போடு வந்தால் பத்திரம் தருவதாக அதிபர் சொன்னார்.

5. போனோம்.

6. பத்தாம் நாள் எட்டு மரக்கட்டைகளின் உயரத்தை அளந்தோம். எட்டு அளவும் பிழையாக வந்தன.

7. பிழையின் காரணம் அன்று பின்னேரமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை எழுதுவதா விடுவதா என்று தீர்மானிக்க அடுத்த நாள் காலை வரை நேரம் இருந்தது.

ஏழாவதை விளக்க, முதலில் அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அப்பா இல்லாமற்போன பிறகு அம்மா கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஐந்தரைக்கு வாகனம் வரும். பாரமான அங்கியும் முகக் கவசமும் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலத்தில் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக்கொண்டு போக வேண்டும். சோதித்து முடிந்த நிலத்துக்கு வெள்ளைக் கட்டை, முடியாததற்குச் சிவப்புக் கட்டை. பின்னேரம் அன்று எவ்வளவு தூரம் முடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி ஒப்பமிடுவார். அந்தத் தாளை நம்பித்தான் அடுத்த நாள் இன்னொருவர் அதில் நடப்பார்.

எங்கள் ஊர் அக்கராயன் பக்கம். போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் குளத்துக்குப் போகும் வழியிலும் பாடசாலைக்குப் பின்னாலும் அந்தக் கட்டைகள் நின்றன. சிவப்பைக் கண்டால் ஒரு அடி இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை எழுத்துப் படிக்கும் முன்பே படித்தோம். பந்து அங்கால் போனால் போனதுதான். பிறகு ஊர் துப்பரவாகிக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அவை மறந்துவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன்.

தோழியின் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, அந்தக் கட்டைகள் நின்ற காலத்திலேயே எங்கள் ஊரில் குடியேறியது. தகப்பன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், தாய் வயல் வேலைக்குப் போனார். வீட்டில் மலையகப் பேச்சு, பாடசாலையில் எங்கள் பேச்சு, இரண்டும் அவளுக்குச் சரளம். கணிதத்தில் என்னைவிட வேகமானவள். நான் படிப்படியாக எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அது சரியா என்று என் தாளை எட்டிப் பார்ப்பாள்.

முகாமில் ஏறத்தாழ முப்பது பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்கள்தான் அதிகம். மூன்று பேருக்கு ஒரு குழு. எங்கள் குழுவில் மூன்றாவதாக வந்தவள் கொழும்புப் பிள்ளை. முதல் நாளே, சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்டாள்.

"உங்க ஊர்ல வைஃபை எல்லாம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் தோழி. "யானை வரேக்க மட்டும் நிப்பாட்டி வைப்பம்."

"ஏன்?"

"அதுகள் வீடியோ பாக்கத் தொடங்கினால் போகாதெல்லோ."

கொழும்புப் பிள்ளை ஒரு கணம் நம்பிவிட்டுப் பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து மூன்று பேரும் ஒன்றாகவே சாப்பிட்டோம். நாங்கள் ஏன் வந்திருக்கிறோம் என்பதை நான்காம் நாளளவில் அவளுக்குச் சொன்னோம். அவள் அதிகம் பேசாமல் கேட்டாள். அவளுக்கு அந்தக் குறிப்பால் ஆக வேண்டியது எதுவும் இல்லை.

பத்தாம் நாள் வேலை இதுதான். பயிற்சி நிலையத்தின் வாசற்படியிலிருந்து கடலோரக் களப்பின் ஓரத்து மதகு வரை நிலம் எப்படிச் சரிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இடையில் எட்டு மரக்கட்டைகளை முந்தின நாளே அடித்து வைத்திருந்தார்கள். புல்லில் தெரிவதற்காகத் தலைப்பகுதிக்குச் சிவப்பு மை பூசியிருந்தார்கள். ஒருவர் முக்காலியில் நிற்கும் லெவல் கருவியின் தொலைநோக்கியால் பார்ப்பார். ஒருவர் சென்ரிமீற்றர் கோடு போட்ட நீளமான அலுமினியக் கோலை ஒவ்வொரு கட்டையின் தலையிலும் நிறுத்திப் பிடிப்பார். மற்றவர் அளவை எழுதுவார். படியிலிருந்து மதகு வரை போய், பிறகு அதே வழியால் திரும்பி வர வேண்டும். புறப்பட்ட படியின் உயரம் திரும்பி வரும்போதும் அதுவாகவே வந்தால் வேலை சரி.

போகும்போது கோல் பிடித்தது நான். கருவியில் கொழும்புப் பிள்ளை. திரும்பும்போது நானும் அவளும் இடம் மாறினோம். இரண்டு முறையும் தோழிதான் எழுதினாள். வெயில் ஏறுவதற்குள் முடித்து, படியில் வைத்தே கணக்குப் பார்த்தோம். மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். மற்றக் குழுக்கள் எல்லாம் சென்ரிமீற்றர்களில் நின்றன. தோழி கோலைத் தூக்கிக் காவடி ஆடினாள்.

"அதிபருக்கு இந்தத் தாளைச் சட்டம் போட்டுக் குடுப்பம்," என்றாள். "அலுவலகத்தில மாட்டட்டும்."

பின்னேரம் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு அறிக்கை எழுத இருந்தோம். ஒவ்வொரு கட்டைக்கும் போகும்போது கிடைத்த உயரம், வரும்போது கிடைத்த உயரம், இரண்டின் சராசரி என்று அட்டவணை கேட்டிருந்தார்கள். நான் வித்தியாசங்களை ஒரு நிரலாக எழுதினேன். 12, 11, 12, 13, 12, 12, 11, 12. எல்லாம் சென்ரிமீற்றர். எல்லாவற்றிலும் போகும்போது எடுத்த உயரம்தான் குறைவு.

"இது தற்செயலா வராது," என்றேன். "ஒரே பிழையை எட்டுத்தரம் செய்திருக்கிறம்."

கொழும்புப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். "நீ போகேக்க கோலைக் கட்டைக்கு மேலதானே வச்ச?"

"ஓம்," என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"இல்லையடி," என்றாள் தோழி. "நீ ஒரு அடி இஞ்சால, நிலத்திலயெல்லோ வைச்சனீ. எட்டுக்கும் அப்பிடித்தான்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புல்லில் என் செருப்பு, அதன் முன்னால் கோலின் அடி, அதற்கும் முன்னால் கட்டை. எட்டு இடத்திலும் அதே மாதிரி. கட்டை நிலத்துக்கு மேல் நின்ற உயரம்தான் அந்தப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். ஒவ்வொரு இடத்திலும் கருவி இடம் மாறி அடுத்த அளவை எடுக்கும் வரை கோலை அசைக்காமல் பிடித்திருந்தேன். அதனால்தான் மொத்தக் கணக்கு அவ்வளவு திருத்தமாக வந்தது. புறப்பட்ட இடமும் முடிந்த இடமும் சரி. நடுவில் நின்ற எல்லா இடமும் பிழை.

"நான் தொலைநோக்கிக்குள்ள இலக்கத்த மட்டும்தான் பாத்தேன்," என்றாள் கொழும்புப் பிள்ளை. பிறகு தோழியைப் பார்த்தாள். "நீ பக்கத்துலயே நிண்டியே. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எதை?"

"கட்டைக்கு மேல வைக்கச் சொல்லி. நான் திரும்பி வரும்போது மேலதானே வச்சேன்."

தோழிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "சிவப்பெல்லோ," என்றாள். "வேற எங்க நிக்கிறது?"

கட்டைகளை அதற்குள் பிடுங்கி, அடுத்த நாள் வேலைக்காக வேறு இடத்தில் அடித்துவிட்டார்கள். திரும்ப அளக்க வழியில்லை.

ஆறு மணிக்கு அம்மா வழக்கம்போலத் தொலைபேசி எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது குறிப்பைப் பற்றி அல்ல.

"ஆர் அந்தக் கட்டையளுக்குச் சிவப்பு அடிச்சது?"

"முகாம்காரர். புல்லுக்கை தெரியவேணும் எண்டு."

"சிவப்பு அடிச்சுப்போட்டுப் பிள்ளையளை அதுக்குக் கிட்டப் போகச் சொன்னவையோ? இது முல்லைத்தீவெல்லோ. அவைக்கு வேற மை கிடைக்கேல்லையாமோ?"

"அம்மா, இது வேற கட்டை. படிப்புக்கு அடிச்சது."

"கட்டை கட்டைதான். சாப்பிட்டனீயோ?"

"ஓம்."

"சரி, வை. நாளைக்கு எடுக்கிறன்."

விறாந்தைக்குத் திரும்பி வந்தபோது கொழும்புப் பிள்ளை மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"இங்க பாரு," என்றாள். "போன அளவு எல்லாத்துக்கும் பன்னெண்டு கூட்டினா முடிஞ்சுது. ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம குழுதான் முதலாவது வரும்."

"அது பொய்யெல்லோ," என்றேன்.

"எனக்காகச் சொல்லல. உங்க ரெண்டு பேருக்காகத்தான் சொல்றேன்."

அவள் அன்போடுதான் சொன்னாள். அதனால் அவளோடு கோபப்பட முடியவில்லை. எனக்கு அந்தக் குறிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கலைப்பிரிவு. பன்னிரண்டைக் கூட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அம்மா பின்னேரங்களில் ஒப்பமிடும் தாள்தான் என் நினைவில் நின்றது. அளக்காத இடத்தை அளந்ததாக எழுதி நான் எப்படி அவருக்கு முன்னால் இருந்து சாப்பிடுவேன்?

"உள்ளதை எழுதுவம்," என்றேன். "கோல் பிடிச்சது நான். பிழை என்ர எண்டு எழுதுறன்."

"ரெண்டு பேர் எண்டு எழுது," என்றாள் தோழி.

"நீ கோல் தொடவே இல்லையே."

"பாத்துக்கொண்டுதானே நிண்டனான். எனக்கும் அது பிழையாத் தெரியேல்ல. நான் பிடிச்சிருந்தாலும் அங்கைதான் வைச்சிருப்பன்." பிறகு சிரித்தாள். "என்னை விட்டிட்டு நீ மட்டும் பேர் எடுக்கப் பாக்கிறாய் என்ன?"

நான் எழுதினேன். அறிக்கையின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. "போகும் வழியில் கோல் கட்டைகளின் மேல் வைக்கப்படவில்லை. ஒரு அடி முன்னால் நிலத்தில் வைக்கப்பட்டது. கட்டைகள் சிவப்பாக இருந்ததால், கோல் பிடித்தவரும் பதிவு எழுதியவரும் ஆகிய இருவரும் அவற்றின் மேல் வைக்கலாம் என்று எண்ணவில்லை. எனவே போகும் வழி உயரங்கள் எட்டும் பயன்படா."

கடைசி நாள் சான்றிதழோடு ஆளுக்கொரு குறிப்புத் தந்தார்கள். கொழும்புப் பிள்ளைக்கு, கருவியைத் திறமையாகக் கையாள்கிறார் என்று இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வாசகம். "கணித அறிவு நன்று. களவேலையில் கூடிய கவனம் தேவை." எழுதியவர் எங்கள் அறிக்கையை வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பாடசாலை தொடங்கிய நாள் அம்மா அரைநாள் விடுப்பு எடுத்து, வேலைக்குப் போகும் நீளக் காற்சட்டையோடேயே அதிபரின் அறைக்கு வந்தார். அதிபர் இரண்டு குறிப்புகளையும் மேசையில் வைத்தார். நானும் தோழியும் கதவடியில் நின்றோம்.

"கவனம் போதாது எண்டு அவையே எழுதியிருக்கினம்," என்றார் அதிபர். "நான் என்ன செய்ய?"

அம்மா குறிப்பை எடுத்து வாசித்தார். ஏற்கெனவே வீட்டில் வாசித்ததுதான்.

"சேர், சிவப்புக் கட்டையைக் கண்டு நிண்ட பிள்ளையளை இவை கவனம் இல்லை எண்டு எழுதியிருக்கினம். எங்கட வேலையிடத்துக்கு வந்து ஒருக்கா அப்பிடி எழுதட்டும் பாப்பம். நாங்கள் காலமை தொடங்கிப் பின்னேரம் மட்டும் அந்தக் கவனத்துக்குத்தான் சம்பளம் எடுக்கிறம்."

அதிபர் சிரிக்கவில்லை. நடந்ததை விளக்கமாகக் கேட்டார். நான் சொன்னேன். பிறகு மேசை லாச்சியைத் திறந்து படிவம் ஒன்றை எடுத்து நிரப்பி, அம்மாவிடம் ஒப்பம் வாங்கினார்.

"மற்றப் பிள்ளைக்கும் தாங்கோ சேர்," என்றார் அம்மா.

"பெற்றோர் ஒப்பம் வேணும். தகப்பனை வரச் சொல்லுங்கோ."

"நான் அயல்தானே. அவையளுக்காக நான் வைக்கிறன்."

"அது சட்டப்படி ஏலாது, அம்மா."

சிறுபோக அறுவடைக் காலம் அது. ஆலையில் இரண்டு நேர வேலை. ஒரு நாள் வராவிட்டால் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். தோழியின் தாயும் வயலில் நின்றார். அம்மா இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். தகப்பன் வந்து ஒப்பமிட்டபோது பத்து நாள் கடந்திருந்தது. நகரப் பாடசாலையில் அனுமதி முடிந்துவிட்டது. தாமதமாகச் சேர்ப்பதானால் நல்ல குறிப்பு வேண்டும் என்றார்கள். அவளிடம் இருந்தது அந்த ஒரு வாசகம்தான்.

அவள் கலைப்பிரிவுக்குப் போனாள். நான் காலை ஆறு மணி பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். முதற்கிழமை பஸ் தரிப்பிடம் வரை என்னோடு நடந்து வந்தாள். பிறகு அவளுக்கும் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

"இருவரும்" என்ற சொல்லைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் மட்டும் என்று எழுதியிருந்தால் அவளுடைய குறிப்பு வேறாக இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்டதால் எழுதினேன். எழுதியது உண்மையும்கூட. இரண்டையும் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லி முடித்த பிறகும் ஏதோ மிச்சம் நிற்கிறது.

இப்போது நிலைமை இது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு என் புள்ளிகள் போதவில்லை. தொழினுட்பக் கல்லூரியில் குடிசார் பொறியியல் டிப்ளோமா முடித்து, வாய்க்கால் திருத்தும் வேலைகளில் மட்டம் அளக்கிறேன். என் கட்டைகளுக்கு மஞ்சள் மை பூசுகிறேன். தோழி வட்டக்கச்சியில் திருமணம் செய்து, அங்கே முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். அம்மா இன்னும் அதே வேலையில் இருக்கிறார். முழங்காலுக்கு மருந்து எடுக்கிறார். எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு இப்போதும் இல்லை.