ஃபைபர் சுற்றிய சைக்கிள்

சென்ற மாதம் ஒரு சைக்கிளைத் தோலுரித்தோம்.

ஆமாம், ஆட்டை உரிப்பது போலத்தான். கத்தி, உளி, கிரைண்டிங் மெஷின் எல்லாம் தேவைப்பட்டது. இடம் கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் யூசுப் பாய் பட்டறை. பாய் அலுமினியம் ஒட்டுகிறவர் — ஆர்கான் வெல்டிங். சைக்கிள் என் தங்கை ரேவதியுடையது. அதற்குத் தோல் போர்த்தியவன் அவள் புருஷன் குமார்.

"எப்போது பார்த்தாலும் எரிந்து விழுகிறீர்களே, கொஞ்சம் சிரிக்கக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் சிரிப்பு உண்டு ஐயா. என் தங்கைதான் சிரிக்கிறாள். கடைசி வரை படியுங்கள்.

ரேவதிக்கு வீடு ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் நெட்டுக்குப்பம். குமார் வலை போடுகிறவன். ஆற்றில் இப்போது வலை போட்டால் பாதி சேறு, பாதி அனல்மின் நிலையத்துச் சாம்பல். மீன் வந்தால் அது வழி தவறி வந்த மீன். அதனால் யாராவது படகுக்கு ஆள் கூப்பிட்டால் போவான், இல்லையென்றால் வீட்டில் இருப்பான். வீடு ஓடுவது ரேவதியால். விடிவதற்குள் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள்.

காசிமேட்டுக்கு எப்படிப் போவது? பஸ்ஸில்தானே என்பீர்கள். போகும்போது ஏற்றுவார்கள். திரும்பும்போது கூடை இருக்குமே! கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். "வேற வண்டில வாம்மா, பேசஞ்சருங்க கம்ப்ளைன்ட் பண்றாங்க." அடுத்த வண்டியிலும் இதே பாட்டு. ஷேர் ஆட்டோக்காரரோ, "தண்ணி சொட்டுது, சீட்டு கலீஜ் ஆவுது" என்பார். அந்த மீன் வீட்டுக்கு வந்து குழம்பானால் மட்டும் யாருக்கும் நாறுவதில்லை.

இந்த நிலையில்தான் சைக்கிள் வந்தது. ரேவதியிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு அபார்ட்மென்ட் வீட்டில் மகன் வெளிநாடு போய்விட்டான். அவனுடைய மவுன்டன் பைக் பார்க்கிங்கில் தூசி படிந்து கிடந்தது. "எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அலுமினியம் ஃபிரேம், கியர், கட்டை விரல் கனத்தில் டயர் முட்கள். மலையில் ஓட்டச் செய்த வண்டி. எங்கள் பக்கம் மலை இல்லை. ஆனால் சாலையில் இருக்கும் பள்ளங்களுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் சுடிதார் போட்டுக்கொண்டு அவள் குப்பத்துக்குள் ஓட்டி வந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவன் கத்தினானாம்.

"இன்னா ரேவதி, ரேஸுக்கா?"

"ஆமா நைனா. உன் பொண்டாட்டிதான் ஃபர்ஸ்ட்டு வந்துகினு கீது, அத்த புடிக்கப் போறேன்."

அவன் குனிந்து வலையைப் பின்ன ஆரம்பித்துவிட்டானாம்.

அந்த வண்டியில் கேரியர் வைக்க இடமே கிடையாது. அதைச் செய்தவர்கள் மீன் பெட்டியை நினைத்தா செய்திருப்பார்கள்? குமார் ஒரு இரும்பு கேரியர் அடித்து, சீட்டைத் தாங்கும் குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்கினான். அதன் மேல் தெர்மோகோல் பெட்டி, ஐஸ், மீன். பஸ்ஸும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. என் தங்கை நிமிர்ந்து நடந்து நான் பார்த்த மாதங்கள் அவைதான்.

பிறகு சத்தம் வந்தது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் 'கிரீச்'. பார்த்தால் சீட்டுக் குழாயும் மேல் பாரும் சேருகிற இடத்தில், கிளாம்புக்குச் சற்று மேலே, மயிரிழை போல ஒரு கோடு.

ரேவதி குமாரிடம் காட்டினாள். அவன் என்ன செய்தான்? படகில் விரிசல் விட்டால் குப்பத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி இழைத் துணியை வெட்டி, ரெசின் பசையில் நனைத்து, சுற்றிச் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, படகுக்கு அடித்து மிச்சமிருந்த நீல பெயின்ட்டையும் அடித்துவிட்டான். தொட்டால் வழவழவென்று இருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெண்டாட்டி வண்டி என்று அக்கறையாகத்தான் செய்தான். அவன் கையால் ஒட்டிய படகுகள் இன்றைக்கும் அலையில் அடிபட்டு மிதக்கின்றன.

கொஞ்ச நாளில் சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை கோடு தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதைத்தான் மூடியாயிற்றே!

மூவருமாகத் தள்ளிக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனோம். பாய் லாரிகளின் அலுமினிய டேங்குகளை ஒட்டிப் பழகியவர். வாய் மூடாத மனிதர். நீலப் பட்டையைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாய்யா இது, சைக்கிளா, போட்டா?"

"ஃபைபர் பாய். ஸ்ட்ராங்கா கீதுன்னு சுத்தினேன்" என்றான் குமார்.

"உனுக்குப் பல்லு வலிச்சா தாடையச் சுத்தி ஃபைபர் போட்டுக்குவியா?"

"படகே தாங்குது பாய், சைக்கிள் தாங்காதா?"

"படக தண்ணி தூக்கிக்கினு கீதுப்பா. இத்த யாரு தூக்குறாங்கோ? இதானே எல்லாத்தயும் தூக்குது!"

அப்புறம்தான் தோலுரிப்பு. பாய் ஒரு பக்கம் கிரைண்டர் போட, குமார் மறுபக்கம் உளியால் பெயர்த்தான். தன் கையால் போட்டதைத் தானே பெயர்ப்பது... அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிப் பட்டை உரிந்து வந்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தோம். மயிரிழையாக இருந்த கோடு குழாயைப் பாதிக்கு மேல் சுற்றியிருந்தது. அதற்குள் ஐஸ் தண்ணீரும் உப்பும் இறங்கி வெள்ளையாகப் பூத்திருந்தது.

பாய் தேய்த்தார், துடைத்தார், ஆர்கான் வெல்டிங்கை ஆரம்பித்தார். விரிசலுக்குள் ஊறியிருந்த ரெசின் கருகி, கறுப்புக் கொப்புளமாகப் பொங்கியது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி நிறுத்தினார். மறுபடி தேய்த்தார். மறுபடி கொப்புளம். குமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றான். பாய் பொறுமையிழந்து, அந்த இடத்தையே ஆழமாக வெட்டிச் சுத்தம் செய்து, புது அலுமினியத்தை உருக்கி நிரப்பினார். ஒட்டு, அடுக்கி வைத்த காசு போல அழகாக வந்தது.

"ஒட்டிக்கிச்சு" என்றார். பிறகு ரேவதியைக் கூப்பிட்டார். "தங்கச்சி, சொல்றத கேட்டுக்கோ. நான் ஒட்டுன எடம் ஒடையாது. ஆனா இவ்ளோ சூடு காட்டுனா பக்கத்துல கீற குழாய் மெத்துனு பூடும். அத்த மறுபடி கெட்டிப்படுத்த பெரிய அடுப்பு வேணும், அது நம்மகிட்ட இல்ல. வெறும் வண்டியா ஓட்டு. பாரம் ஏத்தாத."

ரேவதி சிரித்தாள். "பாரம் ஏத்தாம நான் எங்க பாய் போறது? பீச்சுக்கு காத்து வாங்கவா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் குமாரைப் பார்த்தேன். குமார் தண்டவாளத்தைப் பார்த்தான்.

எல்லாருக்கும் தெரியும், நாளைக்குக் காலையில் அந்த வண்டியில் பெட்டி ஏறும் என்று. வேறு வண்டி வாங்க வேண்டியதுதானே என்று எந்த வாசகராவது கேட்டால் — நன்றி, வாங்கி அனுப்புங்கள். பெட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கினாள். பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளினாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை திருவொற்றியூர் தாண்டி வரும்போது ஃபிரேம் முறிந்தது. சாலையில் ஒட்டுப்போட்ட இடத்தைத் தாண்டினால் அதற்குப் பக்கத்திலேயே புதுப் பள்ளம் இருக்குமே, அப்படி ஒன்றில் பின் சக்கரம் இறங்கியிருக்கிறது. சீட் பின்னால் சாய, அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். பெட்டி உருண்டு ஒரு கன்டெய்னர் லாரிக்கு அடியில் போனது. அவளும் பாதி போனாள்.

லாரி ஓடவில்லை. துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி, வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் தினமும் வயிறெரிந்து திட்டுகிற அந்த டிராஃபிக் ஜாம்தான் என் தங்கையைக் காப்பாற்றியது. சந்தோஷப்படுவதற்கு எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இந்த மாதிரிதான்.

உடைந்த சைக்கிளை நான்தான் பாயிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்தார். ஒட்டு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதற்கு விரலளவு கீழே குழாய் கிழிந்திருந்தது.

"பாத்தியா, நான் ஒட்டுன எடம் ஒடையல" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். அத்தோடு வாயை மூடிக்கொண்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

என்ன சொல்ல? எங்கள் பக்கத்தில் எல்லாம் இப்படித்தான் ரிப்பேர் ஆகிறது. ஓரிடத்தை ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உடைவது பக்கத்து இடம். அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அது அவர்கள் ஒட்டிய இடம் இல்லையே!

அரசு ஆஸ்பத்திரியில் ரேவதியின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஈரத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதைக் குமார் கண் கொட்டாமல் பார்த்தான்.

"மச்சான், இவங்களும் சுத்தித்தானே வுடறாங்கோ?"

"அவங்க எக்ஸ்ரே எடுத்துட்டு சுத்தறாங்கடா" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். ரேவதி என்னை முறைத்தாள். "இன்னாணா நீ. அது ஏற்கெனவே சோறு துன்னாம கீது. வுடு."

கை கூடி, பாரம் தூக்க நாளாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். நல்ல கூட்டம். ரேவதியின் கட்டைப் பார்த்ததும் கண்டக்டர், தான் உட்கார்ந்திருந்த சீட்டிலிருந்து எழுந்தார். ரேவதிக்கு அந்த முகம் தெரியும். காசிமேட்டில் அவளைப் பார்த்து விசில் அடித்த முகம்தான். அவருக்கு இவளைத் தெரியவில்லை. கூடை இல்லையே.

"உக்காரும்மா, கூட்டத்துல கைய இடிச்சுடப் போறாங்க."

உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியாணா? பஸ்ல எடம் வேணும்னா கைய ஒடச்சிக்கினு வரணும்."

சிரிப்பு வரும் என்று சொன்னேன் அல்லவா, இதுதான்.

கை கூடட்டும். கூடையோடு இதே பஸ்ஸில் அவளை ஏற்றுகிறேன். அப்போது எவன் எழுந்து சீட் கொடுக்கிறான் என்று பார்க்கிறேன்.