இலை போட்டு ஒரு விசாரணை

கொல்லிமலையில் ஒரு விருந்து சாப்பிட்டு வந்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு, சுடச்சுடச் சோறு, கடைசியில் பலாச்சுளை வேறு. மூன்று வாரமாகிறது... இன்னும் செரிக்கவில்லை.

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

என்னை மலைக்கு வரச் சொன்னவர் செல்லம்மா, இந்தப் பத்தியின் வாசகி. வளப்பூர் நாடு என்கிற மலைப்பகுதிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் அவர்கள் குழாயில் காற்றுகூட வராது!

இப்போது காற்றுதான் வருகிறது. மலை ஊற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து ஊருக்கும் பஞ்சாயத்து குழாய் போட்டிருக்கிறது. நடுவழியில் ஊராட்சித் தலைவரின் வீடும் மிளகுத் தோட்டமும். அந்த இடத்தில் திடீரென்று ஒரு கிளைக்குழாய் முளைத்தது. அன்றிலிருந்து தலைவரின் மிளகுக்கொடி செழிப்பாக இருக்கிறது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஓடைக்கு இறங்கி ஏறுகிறார்கள். செல்லம்மாவின் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. வழுக்குப் பாறையில் இடுப்புக் குடத்தோடு அந்தப் பெண் ஏறி வந்ததை நானே பார்த்தேன்.

'குறையிருந்தால் மேலே மனு கொடுங்கள், மனு நாள் எதற்கு இருக்கிறது?' என்று இதே பக்கத்தில் நான்தான் பெரிதாக எழுதியிருந்தேன். பாவம், நம்பிவிட்டார். கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, இன்னொரு பஸ் மாறி, மாவட்ட ஆபீஸில் வரிசையில் நின்று மனு கொடுத்துவிட்டு வந்தார்.

மனு என்ன ஆயிற்று? மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்குப் போனது. ஒன்றியத்திலிருந்து — 'தக்க நடவடிக்கைக்காக' — யாருக்குப் போனது தெரியுமா? அதே தலைவருக்கு! பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது பழைய கதை. பால் குறைகிறதென்று பூனையிடமே புகார் கொடுப்பது நம் ஆபீஸ்களின் கண்டுபிடிப்பு.

தலைவர் அந்த மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே செல்லம்மா கடைக்கு வந்தாராம்.

"ஏனக்கா, எம்மேல மனுவாமா? எங்கிட்டயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்ககிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயித்தானுங்க மேல போனேன்."

"செரி, உடு. ஆபீசரு வாராரு. எங்க ஊட்லதான் விசாரணை. சாட்சிக்கு வாரவங்க எல்லாத்தையும் சாப்பாட்டுக்கே வரச் சொல்லு."

மலையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு வேளைக்கு வந்தவரை இலை போடாமல் அனுப்ப மாட்டார்கள். அப்படிச் சாப்பிட்டவர், அந்த வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டாரைக் குறை சொல்லவும் மாட்டார். நல்ல மனிதர்களின் நல்ல வழக்கம். கீழேயிருந்து வந்த அதிகாரிக்கு இது தெரிந்திருக்காது. தலைவருக்கா தெரியாது?

ஜீப் வந்து நின்றதும் முதலில் இலைதான் போட்டார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் தலைவர். எதிரே சாட்சி சொல்ல வந்த ஊர்ப் பெண்கள். ஓரத்தில் நான். எல்லாம் முடிந்து, ஏப்பம் விட்ட பிறகு அதிகாரி கேட்டார்: "உங்களுக்கெல்லாம் என்னம்மா குறை?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "ஒண்ணுமில்லீங்க சாமி."

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன பயன்? இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கியவன் நானும்தானே! வாய் திறக்க முடியவில்லை.

செல்லம்மா மட்டும் உட்காரவே இல்லை. வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். தலைவரின் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம், சமைத்தவர் அவர்தானே!

"ஏனக்கா, எங்கூட்டுச் சோறு உனக்கு ஆவாதா?"

"சோறு ஆவாம என்னங்க அம்மிணி. உண்டுபோட்டு உங்க ஊட்டுக்காரரைச் சொல்ல எனக்கு நாக்கு வராதுங்க. பேசி முடிச்சுட்டு வந்து உண்ணறேன்."

அதிகாரி சிரித்தார். "முதல்ல சாப்பிடும்மா. பசியோட என்ன விசாரணை?"

"தண்ணி மட்டும் குடுக்கச் சொல்லுங்க சாமி. அது எங்க ஊரு தண்ணிதானுங்க. அதுக்கு நான் யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லீங்க."

தலைவர் இலையைப் பார்த்தார். செல்லம்மா கையை நீட்டினார். "அதோ, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துல... அதுதானுங்க அந்தக் குழாய். எழுந்திரிச்சு வந்து ஒருக்கா பாருங்க."

கூப்பிடு தூரம்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பினால் போதும். அதிகாரி கழுத்தைத் திருப்பினார் — கைக்கடிகாரத்தின் பக்கம். "இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்" என்று கிளம்பிவிட்டார். ஜீப்பில் ஒரு பலாப்பழமும் ஏறியது.

நேற்று பதில் வந்துவிட்டது. பஸ் கண்டக்டரிடம் நகலைக் கொடுத்தனுப்பியிருந்தார் செல்லம்மா. 'சாட்சிகள் குறை ஏதுமில்லை என்றனர். மனுதாரர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. மனு முடிக்கப்பட்டது.'

ஒத்துழைக்கவில்லையாம்! எதற்கு ஐயா ஒத்துழைக்கவில்லை? கோழிக் குழம்புக்கா?

பாலக்காட்டு நண்பர் ஒருவர் சொல்கிறார் — கேரளாவில் பஞ்சாயத்து மேல் வரும் புகாரை விசாரிக்கவே 'ஆம்புட்ஸ்மேன்' என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறதாம். பஞ்சாயத்துக்குச் சம்பந்தமில்லாதவர் விசாரிப்பாராம். இதில் என்ன அதிசயம்? அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்கே நாம் மூன்றாவது ஆளைத்தானே கூப்பிடுகிறோம்? அந்தப் பெயர் நம் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். ஆள் நம் ஊருக்குள் நுழைந்தால் போதும்.

செல்லம்மா சோர்ந்து போயிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. கண்டக்டர் வாய்மொழியாக ஒரு சேதியும் சொன்னார்: "கொழந்த பொறக்கறதுக்குள்ள கொழாயில தண்ணி வரோணுமாமுங்க. இன்னொரு மனு எழுதித் தரச் சொன்னாங்க."

எழுதிவிட்டேன். 'விசாரணை எங்கள் குழாயடியில்தான் நடக்க வேண்டும்' என்பது முதல் வரி.

வரப்போகிற அதிகாரிக்கு ஒரு வார்த்தை — சோறு கட்டிக்கொண்டு வாருங்கள் ஐயா. தண்ணீரும்!