தினேஸ்வரியும் கல்லிறக்கமும்

மலையிலிருந்து சைக்கிளில் இறங்கக் கற்றுக்கொடுப்பதுதான் தினேஸ்வரியின் வேலை என்றால் ஈப்போவின் சிலிபின் பகுதியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். "ஏறுறதுக்கு ஆளு வேணும், சரி. எறங்குறதுக்கு என்னாத்துக்கு ஆளு? விட்டா அதுவா எறங்கும்லா" என்று அவள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "சைக்கிள் அதுவா எறங்கிரும் அண்ணே. நீங்களும் அது கூடவே வந்து சேரணும்ல, அதுக்குத்தான் நான்" என்பாள்.

வாரத்தில் ஐந்து நாள் ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் நிற்பாள். சனி, ஞாயிறு வந்தால் புக்கிட் செராயா. ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம். ஒரு காலத்தில் முழுக்க ரப்பர் தோட்டம். அவள் அம்மா மங்களம் பதினெட்டு வருடம் அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள். தோட்டத்தை மூடியபோது சமதரையில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். மலைச்சரிவில் செம்பனைகூட நிற்காது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு சைக்கிள்காரர்கள் சிலர் சேர்ந்து, கம்பெனியிடம் அனுமதி வாங்கி, அந்தச் சரிவில் பாதைகள் வெட்டினார்கள். மகள் அங்கேதான் போகிறாள் என்று தெரிந்ததும் மங்களம் கேட்டது ஒன்றுதான்: "அந்த அட்டைக்கடிக்குத் தப்பிச்சுத்தானடி நான் டவுனுக்கு வந்தேன்?"

தினேஸ்வரி இந்தப் பக்கம் வந்தது இருபத்திரண்டு வயதில். வேலையிடத்துத் தோழி ஒருத்தி விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாளே முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்து வீடு வந்தவள், மறுவாரமும் போனாள். எட்டு வருடம் போட்டிகளில் ஓட்டினாள். பெண்கள் பிரிவில் இரண்டு முறை மூன்றாவதாக வந்திருக்கிறாள். கடைசிப் போட்டி 2019-இல், வேறு மாநிலத்தில், அடைமழையில். பாறைகள் நிறைந்த இறக்கத்தில், ஈரக் கல்லின் மேல் வைத்து முன் ப்ரேக்கைப் பிடித்துவிட்டாள். பிடிக்கக் கூடாத இடம் அது. தோள் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, விலா எலும்பு மூன்று. தோளில் தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து டாக்டர், "இனி நீங்கள் ஓட்டலாம்" என்றார்.

ஓட்டலாம்தான். ஆனால் கல் கிடக்கும் இறக்கத்தின் வாயில் போய் நின்றால், கைவிரல்கள் தாமாகவே ப்ரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. விடு என்றால் விடவில்லை.

புக்கிட் செராயாவில் அப்படி ஓர் இடம் உண்டு. பாதி மலையில், தோட்டக் காலத்தில் ரப்பர்ப் பாலை எடை போட்ட கொட்டகையின் இடிபாட்டருகே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம், புதிதாகக் கற்பவர்களுக்கான வளைவுப் பாதை. வலப்பக்கம் போனால் நூற்றிருபது மீட்டருக்கு வெறும் பாறையும் வேரும். அதற்குக் கல்லிறக்கம் என்று பெயர். தினேஸ்வரி அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள். எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், இடுப்பை எங்கே பின்னுக்குத் தள்ள வேண்டும், எல்லாம் அத்துப்படி. தேறிய மாணவர்களை அதில் இறக்கும்போது மட்டும், "நான் கீழ நின்னாத்தான் உங்க உடம்பு எப்புடி இருக்குன்னு தெரியும்" என்று சொல்லி, பக்கத்து ஒற்றையடிப் பாதை வழியாக நடந்து இறங்கிவிடுவாள். கவனமான கோச் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பழக்கம். நாலு வருடமாக அவள் அந்த இறக்கத்தில் சக்கரம் வைக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

ஜெய்னம்பு வந்து சேர்ந்தது போன வருடம் செப்டம்பரில். ஈப்போவில் அவளும் கணவர் மீரா சாஹிப்பும் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறார்கள். வயது நாற்பத்தைந்து. பிள்ளைகள் இருவரும் படிக்கப் போய்விட்டார்கள். "எனக்கு கடையில நின்னு நின்னு காலு மரக்கட்டையா போச்சு. வேகமா எங்கயாச்சும் போவணும் போல இருக்கு" என்பதுதான் அவள் சொன்ன காரணம். முக்காட்டின் மேல் முகம் மூடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முதல் நாளே மூன்று முறை விழுந்து மூன்று முறையும் சிரித்தாள். தன்னைவிடப் பதினொரு வயது சிறியவளை அவள் கோச்சம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. மாணவர்கள் இரண்டே பேர்: ஜெய்னம்புவும், தனேஷ் என்ற குளிர்சாதன மெக்கானிக்கும். சதாசிவம் அண்ணன் தன் பழைய பிக்கப்பில் சைக்கிள்களை ஏற்றி மலை உச்சியில் விட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஸ்வரி முடிவு செய்தாள்.

ஜெய்னம்பு முன்னால், தனேஷ் நடுவில், தினேஸ்வரி கடைசியில். பாதித் தூரத்தில் தனேஷின் சங்கிலி கழன்று சக்கரத்தில் சிக்கிக்கொண்டது.

"அக்கா, கொட்டாய்கிட்ட போயி நில்லுங்க. நாங்க வாரோம்!" என்று தினேஸ்வரி குரல் கொடுத்தாள்.

"சரி கோச்சம்மா!" என்ற பதில் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது.

சங்கிலியை எடுத்து மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு வந்து பார்த்தால் ஜெய்னம்புவைக் காணவில்லை. வலப்பக்கப் பாதையை அடைத்துக் கட்டியிருந்த மஞ்சள் நாடா, முறிந்து விழுந்த கிளையோடு தரையில் கிடந்தது. ஈர மண்ணில் ஒரே ஒரு சக்கரத் தடம். அது வலப்பக்கம் போனது.

"அக்கா!" என்று கத்தினாள். மழைச்சத்தம்தான் கேட்டது. போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

தனேஷின் முகம் வெளுத்துவிட்டது. "நடந்து போயி பாப்பமா?"

இந்த மழையில், வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் கால் மணி நேரம் ஆகும். தலையில் அடிபட்டுக் கிடந்தால் கால் மணி நேரம் என்பது நீண்ட நேரம்.

"மேல அண்ணனுக்கு லைன் கெடைக்காது, நீயே போ. சதாசிவம் அண்ணன்கிட்ட சொல்லி, செம்பனை ரோடு வழியா சுத்திக்கிட்டு கீழ பாலத்துக்கு வண்டியக் கொண்டாரச் சொல்லு. நான் எறங்குறேன்."

சொல்லிவிட்டாள். சைக்கிளையும் இறக்கத்தின் வாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். விரல்கள் வழக்கம்போல ப்ரேக்கைக் கவ்வின. தோளில் தகடு இருக்கும் இடம் குளிர்ந்தது. அவள் தைரியமாக இருந்தாள் என்று சொன்னால் பொய். பின்னாளில் அவளே சொன்னது இது: பயம் அப்படியே இருந்தது, ஆனால் கீழே ஜெய்னம்பு எப்படிக் கிடக்கிறாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பெரிய பயம் சின்னப் பயத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஒரு கைக்கு ஒரு விரலை மட்டும் ப்ரேக்கில் விட்டுவிட்டு மற்ற விரல்களைப் பிரித்தெடுத்தாள். மாணவர்களுக்குச் சொல்வதைத் தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். "கல்லு மேல புடிக்காத. கல்லுக்கு முன்னாடி புடி. கண்ணு தூரத்துல." இறங்கினாள். முதல் பாறையில் பின் சக்கரம் வழுக்கி ஒரு முழம் இடப்பக்கம் போய்த் திரும்பியது. பிடிக்கவில்லை. இரண்டாவது கல், மூன்றாவது கல். வேர் ஒன்று முன் சக்கரத்தைத் தூக்கி எறிந்தது. அவள் முழங்கைகளை வளைத்து அதை வாங்கிக்கொண்டாள். நடுவழியில் பாதையோரப் பெரணிச் செடிகள் ஓர் ஆள் உருண்ட அகலத்துக்கு நசுங்கிக் கிடந்தன. ஜெய்னம்புவின் தண்ணீர்ப் போத்தல் அங்கே கிடந்தது. ஆள் இல்லை. நிற்க இடமில்லாத சரிவு. ஓட்டிக்கொண்டே கத்தினாள்: "அக்கா! ஜெய்னம்பக்கா!"

"இங்க இருக்கேன்லா! ஏன் இப்புடி கத்துறே?"

கீழே, சிற்றோடையின் சிமெண்டுப் பாலத்தில், மழையில் நனைந்தபடி ஜெய்னம்பு உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. இடது கையை மடியில் தாங்கிப் பிடித்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. அவளுக்கு முன்பே உருண்டு வந்திருந்த சைக்கிள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. தினேஸ்வரி கடைசிக் கல்லைத் தாண்டி வந்த வேகத்தில் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கழுத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள்.

"சனிக்கெழமை. கடையில இன்னைக்கி மீன்தலைக் கறி. எனக்கு ஒண்ணும் ஆவல, கைதான் வலிக்கிது. போனு பையில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஒத்தக் கையால ஜிப்பத் தொறக்க முடியல."

"உங்கள கொட்டாய்லதான நிக்கச் சொன்னேன்?"

"நிக்கத்தான் பாத்தேன். அதுக்குள்ள அது எறங்கிருச்சு. எறங்குனப்புறம் நிப்பாட்டுனா விழுந்துருவேன்னு நீதான சொல்லியிருக்க? பாதி ஓட்டுனேன், கொஞ்சம் உருண்டேன், மிச்சத்த உக்காந்தே தேச்சுக்கிட்டு வந்தேன். கல்லுக்கு முன்னாடியே ப்ரேக்குப் புடிச்சேன் பாத்துக்க. அத மறக்கல."

தினேஸ்வரி பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெய்னம்பு பயந்துபோய், நல்ல கையால் அவள் முதுகைத் தட்டினாள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லங்கிறேன்ல, ஏம்மா அழுவுற?"

"நாலு வருஷமா நான் இதுல எறங்குனதே இல்லக்கா. பயம். உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நான் நடந்துதான் வருவேன்."

ஜெய்னம்பு மேலே திரும்பி அந்தப் பாறைச் சரிவைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் நடந்தே வந்திருப்பேன்ல?" என்றாள். அப்புறம் இருவரும் மழையில் நனைந்துகொண்டே சிரித்தார்கள். சதாசிவம் அண்ணனின் பிக்கப் செம்பனைக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோதும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வாரேன், இதுக ரெண்டும் சிரிக்கிதுக" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த தனேஷ் குதித்து இறங்கி, பையிலிருந்து உலர்ந்த சட்டை ஒன்றை எடுத்து ஜெய்னம்புவின் தோளில் போர்த்தினான்.

ஈப்போவில் கிளினிக்குக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வரும்வரை இருந்த இருபது நிமிடம்தான் தினேஸ்வரிக்குக் கல்லிறக்கத்தைவிட நீளமாக இருந்தது. கடையிலிருந்து மீரா சாஹிப் வந்துவிட்டார், இடுப்புத் துண்டைக்கூட அவிழ்க்காமல். தினேஸ்வரி எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதை வண்டியிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

"அண்ணே, தப்பு என் மேலதான். அக்காவ கண்ணுக்கு மறைவா விட்டுட்டேன். அந்த வழிய ஒழுங்கா அடைக்கவும் இல்ல."

அவர் பதில் சொல்வதற்குள் டாக்டர் வெளியே வந்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், மூன்று வாரம் கையைக் கட்டிப்போட வேண்டும் என்றார். மீரா சாஹிப் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு தினேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"இருவது வருஷமா கடையே கதின்னு கெடந்தவ. இப்ப ரெண்டு மாசமாத்தான் சனிக்கெழமன்னா காலைலயே பாட்டுப் பாடிக்கிட்டு கெளம்புறா. அத நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனசு வரலம்மா. ஆனா அந்த வழிய நாடாவால கட்டாதீங்க. கதவு போடுங்க."

"போட்டுர்றேன் அண்ணே" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே அவளும் சதாசிவம் அண்ணனும் போய் இரும்புக் குழாயில் ஒரு கதவு அமைத்துப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மாணவர்களை மலை உச்சியில் இருக்கும் குடிசையில் உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள், தன் நாலு வருடத்தையும் சேர்த்து. இனி யாரும் யார் கண்ணுக்கும் மறைவாகப் போகக் கூடாது, ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும் என்றாள். ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனால் மற்ற ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஓர் ஆசிரியை, தானும் வளைவுப் பாதையின் கடைசித் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறேன் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டாள்.

அன்று மதியம், தரை காய்ந்தபின், தினேஸ்வரி கதவைத் திறந்து கல்லிறக்கத்தில் இரண்டு தடவை இறங்கினாள். முதல் தடவை சுத்தமாக வந்தாள். இரண்டாவது தடவை நடுவில் காலை ஊன்றிவிட்டாள். பயம் போய்விடவில்லை, ஆனால் அதை யாரிடமும் மறைத்து வைக்க வேண்டிய வேலை இனி இல்லை. அன்றிரவு அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். மங்களம் கேட்டுவிட்டு, "அட்டை கடிச்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பரில் கைக்கட்டு அவிழ்த்த முதல் வாரமே ஜெய்னம்பு வந்து நின்றாள், ஆறு பேருக்குச் சோற்றைத் தாபாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு. பிக்கப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தவள் முதலில் கேட்டது இது:

"கோச்சம்மா, அந்தக் கதவ எனக்கு எப்ப தொறப்பே?"

"வளைவுப் பாதைய மொதல்ல விழாம ஓட்டுங்க. ஆறு மாசம்."

"மூணு."

"ஆறுக்கா."

"சரி, அஞ்சு. அதுலயும் நீ முன்னாடி போவணும்."

தினேஸ்வரி ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள். "போவேன்" என்றாள். சதாசிவம் அண்ணன் கியரைப் போட, வண்டி முனகிக்கொண்டு மலையில் ஏறியது.