எல்லாரையும் அனுப்பச் சொன்னவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலை ஒன்றில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு உறுதியான கருத்து ஒன்று இருந்தது. பதினெட்டு வயதானவர்களைக் கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது. தொலைக்காட்சியில் போர்ச் செய்தி வந்தால் போதும், தொடங்கிவிடுவார்.

"செல்போன நோண்டிக்கினு கெடக்கற பசங்கள எல்லாம் இட்டுகினு போய் வுட்டா நாடு திருந்திடும்."

விருப்பமில்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது அவனுக்கும் நல்லதல்ல, பக்கத்தில் நிற்பவனுக்கும் நல்லதல்ல என்று நான் மறுப்பேன். எங்கள் விவாதத்தால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை, தங்கை வாய் திறக்கும்வரை.

ராணுவத்துக்குப் பெண்களைத் தேர்வு செய்கிறார்கள் என்றும், தான் போகப்போவதாகவும் சாப்பாட்டின் நடுவே சொன்னாள்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் அப்பா.

"எல்லாரையும் அனுப்பணும்னு சொல்லுவியே நைனா. அந்த எல்லார்ல நான் இல்லியா?"

"ஆம்பளப் பசங்களச் சொன்னேன்."

"அப்போ அண்ணன அனுப்பு."

அம்மா சிரித்துவிட்டார். "அவன் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கறான். எல்லைல போய் இன்னா பண்ணுவான்?"

அப்பா சிரிக்கவில்லை.

எனக்கும் தயக்கம் இருந்தது. இப்போது ராணுவத்தில் நான்கு ஆண்டுகளுக்குத்தான் ஆளெடுக்கிறார்கள், அதன்பின் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வாய் என்று அவளைத் தனியாகக் கேட்டேன். "இங்க கான்ட்ராக்ட்ல எடுத்து ஆறே மாசத்துல வெளிய அனுப்பறாங்களே, அதுக்கு இது தேவலண்ணா. எனக்குப் புடிச்சிக்கீது" என்றாள். அதற்குமேல் மறுக்க என்னிடம் நியாயம் இருக்கவில்லை.

மறுநாள் அப்பாவிடம் பேசினேன். அவர் கேட்கும் சட்டம் வந்தால், போக விரும்பாத என்னை இழுத்துச் செல்லும். அவருடைய பயமோ போக விரும்புகிறவளைத் தடுக்கிறது. இரண்டிலும் எங்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லையே என்றேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் தொலைக்காட்சி மட்டுமே பேசியது.

பிறகு ஒரு காலை, அப்பாவின் கம்பெனி பேருந்துக்காக அவரும் நானும் டீக்கடையில் நின்றிருந்தோம். அவருடன் வேலை செய்யும் ஒருவர் வழக்கம்போல் சீண்டினார்: "கட்டாய மிலிட்டரி எப்போண்ணே வரும்?"

"மொதல்ல போறியான்னு கேக்கணும். போறேன்னு சொன்னா வுட்றணும்" என்றார் அப்பா.

"இன்னாண்ணே, கட்சி மாறிட்டியா?"

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"செலக்ஷன் எந்த ஊர்லன்னு அவளக் கேட்டு வை. லீவு சொல்லணும். நானும் கூடப் போறேன்."